வீட்டுப் பட்டறை – 14: ஒரே பல், இரண்டு இடம்

சென்ற வாரம் பெல்ட்டும் புல்லியும் முடிந்தது. அதற்குள் மறுபடி போகப்போவதில்லை. இந்த வாரம் மோட்டார் என்று சொல்லியிருந்தேன். சுவிட்சைப் போட்டதும் உறுமிவிட்டுச் சுற்றாமல் நிற்கும் மோட்டாரைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அதற்கு முன் ரம்பத்தின் ஒரு பல்லைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும்.

டேபிள் ரம்பம் வைத்திருக்கும் வாசகர்கள் அதிகம் கேட்பது இதைத்தான்: பலகையை நீளவாக்கில் அறுத்தால் அறுபட்ட முகம் கருகுகிறது, தள்ளத் தள்ள மரம் இறுகுகிறது. உடனே புது பிளேடு வாங்கக் கிளம்பிவிடாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, இருக்கும் பிளேடைக் கழற்றிப் பற்களின் ஓரத்தைப் பாருங்கள். பிசின் காய்ந்து பழுப்பாக ஒட்டியிருந்தால், வெந்நீரில் சலவைச் சோடா கரைத்து ஊறவைத்து, பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து, ஈரம் போகத் துடையுங்கள். மழுங்கிவிட்டது என்று மூலையில் போட்ட பிளேடு பல நேரம் இதிலேயே பிழைத்துவிடும்.

அதன் பிறகும் கருகினால் பிளேடு கோணலாக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். மைட்டர் கேஜ் ஓடுவதற்கு மேசையில் ஒரு காடி இருக்கிறதல்லவா, அதுதான் இந்த மெஷினில் அசையாத ஒரே கோடு. முதலில் பிளேடு அதற்கு இணையாக நிற்க வேண்டும், பிறகு பலகை உரசி ஓடும் ஃபென்ஸ். பலரும் ஃபென்ஸிலிருந்து தொடங்குகிறார்கள். அது தலைகீழ் வேலை.

பிளேடு இணையாக நிற்கிறதா என்று எப்படி அளப்பது? முன்னால் இருக்கும் பல்லுக்கு ஒரு அளவு, பின்னால் இருக்கும் பல்லுக்கு ஒரு அளவு எடுத்தால் தவறு. பிளேடின் தகடு துளி வளைந்திருக்கலாம். வாஷருக்கு அடியில் தூள் சிக்கியிருக்கலாம். பற்களே ஒன்றுவிட்டு ஒன்று இடமும் வலமுமாகச் சாய்ந்திருக்கும். பிளேடின் குறையை மெஷினின் குறையாக எண்ணி போல்ட்டைத் திருகிக்கொண்டிருப்போம். ஆகவே ஒரே ஒரு பல்லில் மார்க்கரால் புள்ளி வையுங்கள். அதை முன்னால் கொண்டுவந்து அளந்துவிட்டு, கையால் பிளேடைச் சுழற்றி அதே பல்லைப் பின்னால் கொண்டுபோய் மறுபடி அளங்கள். அந்தப் பல்லில் என்ன கோணல் இருந்தாலும் இரண்டு இடத்திலும் அதே அளவுதான் இருக்கும். கழித்தால் மிஞ்சுவது மெஷினின் சாய்வு மட்டுமே. இந்த எளிமை என்னை இந்த வாரம் முழுக்கப் பிடித்து வைத்திருந்தது.

டயல் கேஜ் இல்லையென்றால் கவலை வேண்டாம். மைட்டர் கேஜில் ஒரு மரக்குச்சியைக் கிளாம்ப் போட்டு இறுக்கி, அதன் நுனியில் பிளேடைப் பார்த்தபடி ஒரு ஸ்க்ரூவைத் திருகுங்கள். குச்சியின் பக்கம் சாய்ந்திருக்கும் பல்லைத் தேர்ந்தெடுங்கள். முன்னால் ஸ்க்ரூவின் தலை பல்லை மட்டாகத் தொடட்டும். பிறகு பல்லையும் கேஜையும் பின்னால் கொண்டுபோங்கள். கேஜ் காடிக்குள் ஆடினால் எப்போதும் ஒரே பக்கமாக அழுத்திப் பிடியுங்கள். இடைவெளி தெரிந்தால் ஜெராக்ஸ் தாளைச் செருகுங்கள். 80 ஜி.எஸ்.எம். தாள் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர் தடிமன். ஒரு தாள் நுழைந்து இரண்டு தாள் நுழையாவிட்டால் வீட்டு வேலைக்குப் போதும். பின்னால் இடிக்கிறதென்றால் சாய்வு எதிர்ப்பக்கம். அளவைப் பின்னாலிருந்து தொடங்குங்கள்.

இவ்வளவு நுணுக்கம் வீட்டுப் பட்டறைக்கு எதற்கு? 10 அங்குல பிளேடு நிமிடத்துக்கு 2,880 முறை சுற்றினால் பல்லின் வேகம் மணிக்குச் சுமார் 138 கிலோமீட்டர். நீங்கள் நிற்கும் பக்கத்தில் பற்கள் கீழே இறங்குகின்றன, பின்பக்கம் மேலே எழுகின்றன. பிளேடின் பின்பக்கம் ஃபென்ஸை நோக்கிச் சாய்ந்திருந்தால், மரம் இரண்டுக்கும் நடுவில் நெரிபட்டு, எழும் பல்லில் மாட்டி, அந்த வேகத்தில் உங்கள் வயிற்றை நோக்கி வரும்.

அமெரிக்காவில் ஸ்டீவ் காஸ் என்பவர், இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்ற காப்புரிமை வழக்கறிஞர், விரல் பட்ட நொடியில் நிற்கும் ரம்பத்தை உருவாக்கினார். பிளேடில் ஓடும் சிறு மின் சைகையில் உடல் பட்டதால் வரும் மாற்றத்தை உணர்ந்து, அலுமினியக் கட்டை ஒன்று பாய்ந்து பற்களைக் கவ்வும். 5 மில்லிசெகண்டுக்குள் பிளேடு நின்றுவிடும். சாசேஜை வைத்துக் காட்டியவர், தன் விரலையே வைத்தும் காட்டினார். மகத்தான கருவி. ஆனால் உடல் பட்டால்தான் அது விழித்துக்கொள்ளும்; எகிறி வரும் பலகையை அது தடுக்காது. அதற்கு பிளேடின் பின்னால் நிற்கும் ரிவிங் நைஃப் வேண்டும், நேராக நிற்கும் பிளேடும் வேண்டும். ரிவிங் நைஃபைக் கழற்றி அலமாரியில் வைத்திருப்பவர்கள் இன்றே மாட்டிவிடுங்கள்.

சாய்வைத் திருத்த எந்த போல்ட்டைத் தளர்த்துவது என்பது மெஷினுக்கு மெஷின் மாறும். கனமான கேபினட் ரம்பத்தில் மேசையைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள். சிறிய ரகங்களில் மேசைக்கு அடியில் பிளேடைத் தாங்கும் சட்டத்தின் போல்ட்டுகள். மூன்றைத் தளர்த்தி ஒன்றை லேசான பிடியில் விட்டு, மரச்சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள். இறுக்கிய பிறகு மறுபடி அளக்க வேண்டும், இறுக்கும்போதே நகர்ந்துவிடும்.

மோட்டார் அடுத்த வாரம்தான். அதற்குள் கண்டென்சரைக் கழற்றிப் பார்க்க ஆசைப்படுபவர்கள் பொறுத்திருங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் மின்சாரம் தங்கியிருக்கும்.