மண்ணுக்குள் இறங்கிய தூண்

போரில் மாண்டவர்களுக்குச் சின்னம் எழுப்பாத நாடு இல்லை. ஆனால் தன் ஆட்சியே லட்சக்கணக்கில் கொன்றுபோட்ட மக்களுக்கு ஜெர்மனி என்ன எழுப்புவது? உயர்ந்த பீடம், முறுக்கேறிய வெண்கல உடம்பு எல்லாம் நாஜிகள் கொண்டாடிய பாணி. அதே பாணியில் அஞ்சலி செலுத்த மனம் வருமா? இந்தத் தவிப்பிலிருந்துதான் 1980களில் அங்கே எதிர்நினைவுச் சின்னங்கள் பிறந்தன.

ஹாம்பர்க் நகரின் ஹார்பர்க் பகுதியில், பாசிசத்துக்கு எதிரான சின்னம் ஒன்றை அமைக்கும் பொறுப்பு யோகன் கெர்ட்ஸ், எஸ்தர் ஷலேவ்-கெர்ட்ஸ் என்ற கலைஞர்கள் இருவருக்கும் வந்தது. பூங்காவில் இடம் தருகிறோம் என்றார்கள். வேண்டாம், ஜனம் நடமாடும் கடைத்தெருதான் வேண்டும் என்று இவர்கள் கேட்டு வாங்கினார்கள். 1986இல் தூண் நின்றது. 12 மீட்டர் உயரம், பக்கத்துக்கு 1 மீட்டர் அகலம், மேற்பரப்பில் ஈயத் தகடு. ஈயம் மெத்தென்ற உலோகம், கீறினால் எழுத்து பதியும். அதற்காகவே எஃகு எழுத்தாணிகளைத் தூணோடு பிணைத்திருந்தார்கள். விழிப்போடு இருப்பேன் என்று உறுதிகூறிக் கையெழுத்திடுங்கள் என ஏழு மொழிகளில் அழைப்பு. துருக்கியும் அரபியும் அதில் உண்டு. கைக்கெட்டும் உயரம் நிறைந்ததும் தூணைத் தரைக்குள் இறக்குவார்கள். புதுப் பரப்பு கைக்கு வரும். இப்படி எட்டு முறை இறங்கி, 1993 நவம்பரில் முழுதும் மறைந்தது.

எழுதியவர்கள் ஒழுங்காகவா எழுதினார்கள்? பெயர்கள், காதல் இதயங்கள், பெயர்மேல் கிறுக்கிய கோடுகள், நாஜிகளின் ஸ்வஸ்திகா குறியும்கூட. ஊரில் பலருக்கு ஆத்திரம். எனக்கோ அந்தச் சின்னத்தின் உயிரே அங்கேதான் இருப்பதாகப் படுகிறது. பளிங்குச் சிலையில் கிறுக்கியிருந்தால் மறுநாளே துடைத்திருப்பார்கள். ஹார்பர்க் தன் வெறுப்பையும் தன் கையாலேயே எழுதிவைத்தது, யாரும் அதை அழிக்கவில்லை.

காசெல் நகரில் ஹோர்ஸ்ட் ஹோஹைசல் என்ற கலைஞர் செய்தது இன்னும் துணிச்சல். யூதத் தொழிலதிபர் அஷ்ரோட் ஊருக்குக் கொடுத்த நீரூற்றை 1939இல் நாஜிகள் இடித்துவிட்டார்கள். பழையபடி கட்டிவிட்டால் இடித்ததே மறந்துபோகும் என்று சொல்லி, அதன் வடிவத்தை 1987இல் தலைகீழாகத் தரைக்குள் புதைத்தார். மேலே நின்றால் நீர் ஆழத்தில் விழும் ஓசை கேட்கும்.

கண்ணுக்கே தெரியாததை அடுத்த தலைமுறை எப்படி அறியும் என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஹார்பர்க்கில் சிறு ஜன்னல் வழியே தூணின் ஒரு துண்டு தெரிகிறது, அருகே விளக்கப் பலகையும் உண்டு. அது போதாது, யாராவது கூட நின்று கதையைச் சொல்லத்தான் வேண்டும். அந்த வேலையைத்தான் கெர்ட்ஸ் இருவரும் கல்லிடம் விடாமல் மனிதர்களிடம் விட்டார்கள்.