பத்துத் தம்ளர் கடல்நீரும் ஆறு கட்டங்களும்

படக்கதை என்றால் உங்களுக்குக் கொள்ளை ஆசைதானே? 1972-இல் சிவகாசியில் முத்து காமிக்ஸ் தொடங்கியபோது அதன் முதல் இதழில் வந்த இரும்புக்கை மாயாவியை உங்கள் தாத்தா இன்றும் மறந்திருக்க மாட்டார். ஆனால், படக்கதை எப்படி உருவாகிறது என்று எண்ணிப் பார்த்தீர்களா?

எடுத்தவுடன் தூரிகையைத் தொடுவதில்லை. முதலில் ஒரு சாதாரணத் தாளில் சின்னச் சின்னக் கட்டங்கள் போட்டு, எதில் எதைக் காட்டுவது என்று பென்சிலால் கிறுக்கிப் பார்க்கிறார்கள். குச்சி மனிதர்களே போதும். எதைக் காட்டுவது, எதை விடுவது என்பது இங்கேதான் முடிவாகிறது.

நாமும் ஒரு திட்டம் போடுவோமா? நம் கதை, வேதாரண்யம் உப்பு. 1930 ஏப்ரலில் ராஜாஜியும் தொண்டர்களும் திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பு அள்ளிய ஊர் அது. அந்த வரலாறு தனிப் படக்கதை. நம் கேள்வி வேறு: கடல்நீர் எப்படி உப்பாகிறது?

"கடல்நீர், வெயில், உப்பு. மூன்று கட்டம் போதுமே!" என்பீர்கள். போதாது. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்புகள் உள்ளன. சமையல் உப்பான சோடியம் குளோரைடு அதில் சுமார் 27 கிராம்தான். மற்றவை கால்சியம், மக்னீசியம் முதலியவற்றின் உப்புகள். நீர் முழுவதும் வற்றினால் எல்லாம் கலந்து கசக்கும். மூன்று கட்டக் கதை இந்தத் தவறைத்தான் கற்பிக்கும்.

இதோ நம் திட்டம்:

1. மழைக்காலம் முடிந்தது. உப்பளத்தில் கடல்நீர் பாய்கிறது. கட்டத்தின் மூலையில் பத்துத் தம்ளர் நீர்.

2. வெயிலும் காற்றும் நீரை வற்ற வைக்கின்றன. மூலையில் இரண்டே தம்ளர். பாத்தியின் அடியில் ஜிப்சம் படிகிறது.

3. தெளிந்த உவர்நீர் அடுத்த பாத்திக்குப் போகிறது. ஜிப்சம் பின்தங்கிவிடுகிறது.

4. ஒரே தம்ளர். இது பெரிய கட்டம். கனசதுர வடிவில் முதல் உப்புப் படிகங்கள்!

5. நீர் முழுதும் வற்றுமுன், மக்னீசியம் மிகுந்த கசப்பு நீரை வடித்துவிடுகிறார்கள்.

6. தொழிலாளர் நீண்ட கழியில் பொருத்திய பலகையால் உப்பை வாரிக் குவிக்கிறார்.

மூலையில் தம்ளர் எதற்கு? இரண்டு கட்டங்களுக்கு நடுவே உள்ள வெற்றிடத்தில் பல நாட்கள் ஓடிவிடுகின்றன. அதைப் படிப்பவர் தம் மனத்தால் நிரப்பிக்கொள்கிறார். எவ்வளவு நீர் வற்றியது என்பதைத் தம்ளர்தான் அவருக்குச் சொல்கிறது.

எளிதில் விட்டுவிடத் தோன்றுவது ஐந்தாம் கட்டம். நீரைத் திறந்துவிடுவதில் வேடிக்கை என்ன இருக்கிறது? ஆனால் அது இல்லாவிட்டால் ஆறாம் கட்டத்தில் இருப்பது நல்ல உப்பு அல்ல!

திட்டம் சரிதானா என்று அறிய ஒரு வழி உண்டு. எழுத்துகளை மறைத்துத் தம்பியிடமோ தங்கையிடமோ காட்டுங்கள். கதையைச் சொல்லச் சொல்லுங்கள். அவர்கள் தடுமாறும் இடத்தில் ஏதோ ஒரு கட்டம் குறைகிறது.

இப்போது உங்கள் முறை. நெல் புழுங்கலரிசி ஆவதை ஆறு கட்டங்களில் திட்டமிடுங்கள். எந்தக் கட்டத்தை விட்டால் அது பச்சரிசி ஆகிவிடும்?