கேஸ்... எந்தக் கேஸ்?

"மதினி, கேஸ் வந்திருச்சா?" என்றால் சிலிண்டர். "மாமாவுக்கு ராத்திரி பூரா கேஸ், பொட்டுத் தூக்கமில்லே" என்றால் வயிறு. "என்ன அண்ணாச்சி, சோடாவிலே கேஸே இல்லியே!" என்றால் கோலியை அழுத்தியதும் சீறிக்கொண்டு வர வேண்டிய காற்று. "அந்த வீட்டுக்காரங்க மேலே கேஸ் போட்டுட்டாங்களாம்" என்றால் கோர்ட்டு. "பெரியாஸ்பத்திரியிலே நேத்து பூராவும் பிரசவ கேஸ்தானாம்" என்றால் அது வேறு. ஒரே தெரு, ஒரே நாள், ஒரே சொல்! ஒரு தடவைகூடக் குழம்பாமல் சரியாகப் புரிந்துகொண்டு பதிலும் சொல்லிவிடுகிறோம். நம் சாமர்த்தியத்தை நாமே மெச்சிக்கொள்ள வேண்டியதுதான்.

ஆனால் ஓர் இடத்தில் மட்டும் இந்தச் சொல் நம்மை ஏமாற்றிவிடுகிறது. அப்படி ஏமாந்து உயிரை விட்டவர்கள் உண்டு. அதற்குப் பிறகு வருகிறேன்.

கோர்ட்டுக் கேஸும் பிரசவக் கேஸும் ஆங்கிலத்தில் வேறு சொல். லத்தீனில் 'விழுவது, நேர்வது' என்ற பொருளில் பிறந்தது. நமக்கு நேர்வதுதானே வழக்கும் வியாதியும்! சூட்கேஸில் வருகிற கேஸ் இன்னொன்று, அது பெட்டி. தமிழில் எல்லாவற்றையும் ஒரே 'கே' போட்டு எழுதுவதால் ஒன்றாகிவிட்டன. அந்தக் காலப் பத்திரிகைகளில் வித்தியாசம் தெரிவதற்காகவே 'காஸ் அடுப்பு' என்று எழுதுவார்கள். வாயில் வருவது என்னவோ கேஸ்தான்.

நம் அடுப்பில் எரிகிற கேஸ் இருக்கிறதே, அந்தச் சொல்லுக்கு வயது நானூறுகூட ஆகவில்லை. பிரஸ்ஸல்ஸ் நகரத்தில் வான் ஹெல்மான்ட் என்று ஒரு வைத்தியர் இருந்தார். 62 பவுண்டு கரியை எரித்துப் பார்த்தார். மிஞ்சியது 1 பவுண்டு சாம்பல். மீதி 61 பவுண்டு எங்கே போயிற்று? கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்றாகப் போயிருக்க வேண்டும், அதைப் பிடித்து வைக்கவும் முடியவில்லை என்று யோசித்தவர், கிரேக்க மொழியில் ஒழுங்கில்லாத வெட்டவெளிக்குச் சொல்லும் 'கேயாஸ்' என்ற சொல்லைத் தம் ஊர் உச்சரிப்பில் 'கேஸ்' என்று சுருக்கிப் பெயர் வைத்தார். அவர் காலமானது 1644-ல். அவருடைய புத்தகம் அச்சானது 1648-ல்.

அவர் கண்ட அந்தக் கரிப்புகைக் காற்றுதான் கரியமில வாயு. நம் கோலி சோடாவில் அடைப்பதும் அதையேதான். 1767-ல் இங்கிலாந்தில் பிரீஸ்ட்லி என்பவர் பீர் ஆலையில் பொங்கி வந்த இந்தக் காற்றைத் தண்ணீரில் கலந்து முதல் சோடாவைச் செய்தார். கோலி போட்ட பாட்டில் காட் என்ற ஆங்கிலேயருடைய யோசனை, 1870-களில் வந்தது. அங்கே அது எப்போதோ மியூஸியத்துக்குப் போய்விட்டது. நம் மதுரையில் இன்றும் எலுமிச்சம்பழமும் உப்பும் போட்டுக் கோலி சோடா கேட்டு வாங்கிக் குடிக்கிறோம். வயிற்றில் கேஸ் என்று சொல்லிக்கொண்டு இன்னும் கொஞ்சம் கேஸை உள்ளே அனுப்புகிற வேடிக்கையை என்னென்பது! ஏப்பம் வருகிறது, உண்மைதான். வருகிற ஏப்பம் பெரும்பாலும் அந்தச் சோடாவினுடையதே.

இன்னொரு வேடிக்கை 'கேஸ்ட்ரிக்' என்ற சொல். கேஸிலிருந்து வந்தது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. கிரேக்கத்தில் 'காஸ்டர்' என்றால் வயிறு. அதிலிருந்து பிறந்தது கேஸ்ட்ரிக். ஆகவே டாக்டர் 'கேஸ்ட்ரிக் அல்சர்' என்றால் இரைப்பையில் புண் என்று அர்த்தம். அதை 'கேஸ்தானாம்' என்று வீட்டில் வந்து சொல்லி, ஓமத் தண்ணீரோடு விட்டுவிடக்கூடாது.

நம் பாட்டிமார் இதை வாய்வு என்றார்கள். மொச்சை, கொண்டைக்கடலை, காராமணி, வாழைக்காய் இவையெல்லாம் வாய்வு என்று ஒதுக்கி வைத்ததில் விஷயம் இருக்கிறது. பருப்பு வகைகளில் ஒருவகைச் சர்க்கரை உண்டு. நம் குடலில் அது செரிப்பதில்லை. பெருங்குடலில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் அதைத் தின்று காற்றை உண்டாக்குகின்றன. முதல் நாள் ராத்திரியே ஊறப்போட்டு, ஊறின தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத்தண்ணீரில் நன்றாக வேகவைத்தால் பாதித் தொல்லை குறையும். மதுரைப் பக்கம் கார்த்திகை, மார்கழியில் பச்சை மொச்சை வரத்து வந்துவிட்டால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? பூண்டும் பெருங்காயமும் போட்டுச் செய்யுங்கள், அளவாகச் சாப்பிடுங்கள்.

இளம் தாய்மார்களுக்கு ஒன்று. "நீ உருளைக்கிழங்கு தின்னா பிள்ளைக்கு வாய்வு" என்று சொல்லிப் பிள்ளை பெற்றவளை வெறும் ரசச் சோற்றிலேயே வைத்திருக்கிறார்கள் சில வீடுகளில். தாயின் குடலில் உண்டாகிற காற்று பாலில் போய்ச் சேராது. பால் கொடுக்கிறவள் எல்லாம் சாப்பிட வேண்டும். குழந்தை பாலோடு சேர்த்துக் காற்றையும் விழுங்கிவிடுகிறது. தோளில் சாய்த்து முதுகைத் தட்டிக் கொடுத்தால் ஏப்பம் விட்டுவிடும். முதல் மூன்று நாலு மாதம் சில பிள்ளைகள் சாயங்காலமானால் வீறிட்டு அழும்; அதுவாகவே குறைந்துவிடும். ஆறு மாதம் வரை தாய்ப்பாலைத் தவிர கிரைப் வாட்டர், ஓமத் தண்ணீர், வசம்பு ஒன்றும் வேண்டியதில்லை. ஆனால் பச்சையாக வாந்தி எடுத்தாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ, வயிறு கல்லுப்போல உப்பிக்கொண்டு பால் குடிக்க மறுத்தாலோ அது கேஸ் இல்லை. உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

கேஸ் லைட்டைச் சொல்லாமல் விடலாமா? கல்யாண ஊர்வலத்திலும் திருவிழாக் கூத்திலும் தலையில் தூக்கிக்கொண்டு போவார்களே, பெட்ரோமாக்ஸ் லைட், அதைத்தான் எங்கள் பக்கத்துக் கிராமங்களில் கேஸ் லைட் என்பார்கள். 1984-ல் வந்த 'வைதேகி காத்திருந்தாள்' படத்துக்குப் பிறகு அதன் மேன்டில் தெரியாத குழந்தைகூடக் கிடையாது. உண்மையில் அதில் எரிவது மண்ணெண்ணெய்தான். பம்ப் அடிக்க அடிக்க ஆவியாகி எரிகிறது.

மேல்நாட்டில் வீதியிலும் வீட்டிலும் நிஜமான கேஸ் விளக்கு இருந்தது. அதை வைத்து 1938-ல் ஒரு நாடகம் வந்தது. கணவன் மாடியில் ரகசியமாக விளக்கை ஏற்றும்போதெல்லாம் கீழே மனைவியின் அறையில் விளக்கு மங்கும். "மங்கவே இல்லை, எல்லாம் உன் பிரமை" என்று சொல்லிச் சொல்லியே அவளுக்குப் பைத்தியம் என்று அவளையே நம்ப வைக்கப் பார்ப்பான். 1944-ல் படமாக வந்தபோது இன்கிரிட் பெர்க்மன் நடித்து ஆஸ்கார் வாங்கினார். அதிலிருந்து ஆங்கிலத்தில் 'கேஸ்லைட்டிங்' என்றே ஒரு சொல் உண்டாகிவிட்டது. ஒருத்தி கண்ணால் கண்டதையும் உடம்பில் உணர்வதையும் 'அப்படி ஒன்றுமே இல்லை' என்று சாதித்து, அவளையே சந்தேகப்பட வைப்பது. 2022-ல் அமெரிக்காவின் மெரியம்-வெப்ஸ்டர் அகராதிக்காரர்கள் இதையே அந்த வருஷத்துச் சொல்லாக அறிவித்தார்கள். நமக்கு இதற்குத் தனிச்சொல் கிடையாது. செயல் மட்டும் தாராளமாக உண்டு!

இப்போது நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். எங்கள் தெருவில் ஓர் அக்கா, ஐம்பது வயதுக்குள்தான், சர்க்கரை உண்டு. காலையில் இட்லிக்கு ஊற்றும்போதே நெஞ்சை அடைக்கிற மாதிரி இருக்கிறது என்றிருக்கிறார். "கேஸாத்தான் இருக்கும்" என்று இஞ்சிச் சாறு. பதினோரு மணிக்கு ஒரு சோடா. மத்தியானம் மருந்துக்கடையில் கேட்டதற்கு அந்தப் பையனும் "கேஸ்தாங்கக்கா" என்று ஒரு மாத்திரை கொடுத்திருக்கிறான். முதுகு வலித்தது, அது துணி துவைத்ததாம். புடவை நனைகிற அளவுக்கு வியர்த்தது, அது வெய்யிலாம். சாயங்காலம் ஆறு மணிக்கு மயங்கி விழுந்தபிறகுதான் ஆட்டோ பிடித்தார்கள். பிழைத்துவிட்டார். ஆனால் இதயத்தின் ஒரு பகுதி போனது போனதுதான். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது.

இதயத்தின் கீழ்ப்பக்கத்துக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டால் வலி மேல்வயிற்றில்தான் தெரியும். ஏப்பம் வரும், குமட்டும். அச்சு அசலாகக் கேஸ் மாதிரியே இருக்கும். அதிலும் பெண்களுக்கு, சினிமாவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்கிறார்களே, அப்படித்தான் வரும் என்பதில்லை. மூச்சுத் திணறல், காரணமில்லாத அசதி, தாடை வலி, இடது தோள் அல்லது இரண்டு தோளுக்கும் நடுவில் வலி, குளிர்ந்த வியர்வை என்று வரலாம். சர்க்கரை உள்ளவர்களுக்கு வலியே தெரியாமலும் வரும். ஏப்பம் விட்டதும் லேசாக இருக்கிறது என்பதை வைத்து முடிவு கட்டக்கூடாது. நடந்தால், படியேறினால் அதிகமாகி, உட்கார்ந்தால் குறைகிற வலி வயிற்றுக் கோளாறாக இருப்பது அபூர்வம். பத்து நிமிஷத்துக்கு மேல் நீடித்தாலோ, கூடவே வியர்த்தாலோ 108-க்குப் போன் செய்யுங்கள். 2008 முதல் நம் மாநிலத்தில் ஓடுகிற இலவச வண்டி அது. முதல் ஈ.ஸி.ஜி. சரியாக இருந்தாலும் வலி நிற்கவில்லை என்றால் மறுபடி எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். ரத்தத்தில் 'ட்ரோபோனின்' என்று ஒரு பரிசோதனையும் இருக்கிறது. 2023 முதல் தமிழ்நாட்டு ஆரம்ப சுகாதார நிலையங்களில் 'இதயம் காப்போம்' திட்டத்தின்கீழ் முதலுதவி மாத்திரைகள் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். மேலூர், உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து மதுரை வந்து சேர நேரமாகும் அல்லவா, அதற்காகத்தான்.

வீட்டில் மற்றவர்களுக்கு வந்தால் நாம் ஓடுவோம். நமக்கு வந்தால்தான் 'கேஸ்' என்று நாமே தீர்ப்பு எழுதிக்கொள்கிறோம். சோறு வடிக்க வேண்டுமே, பிள்ளை பள்ளிக்கூடத்திலிருந்து வருமே!

மற்றக் கேஸ்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் இருக்கும் மகன் "கேஸ் போட்டுக்கிட்டு வர்றேம்மா" என்றால் பதறாதீர்கள். அங்கே பெட்ரோலுக்கு அதுதான் பேர். சிரிப்பு வாயு சில நாடுகளில் பிரசவ வலிக்குக் கொடுக்கப்படுகிறது. கண்ணீர்ப்புகை கேஸே இல்லை, நுண்ணிய தூள். மாட்டுச் சாணத்திலிருந்து வருவது சாண எரிவாயு. போபாலில் 1984 டிசம்பர் 2 ராத்திரி வெளியானதும் 'கேஸ்'தான். அந்த ஊரில் இன்றும் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தமே கிடையாது.

கடைசியாக அடுப்படிக் கேஸ். 1965-ல் இண்டேன் வந்தது. அதற்குப் பிறகும் வெகுகாலம் நம் பக்கத்துக் கிராமங்களில் சீமைக்கருவேல விறகுதான். 2007-ல் தமிழ்நாடு அரசு இலவச கேஸ் அடுப்பு கொடுத்தது. 2016-ல் மத்திய அரசின் உஜ்வலா வந்தது. புகையில் கண் எரிந்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

இந்தக் கேஸுக்குச் சொந்தமாக வாசனை கிடையாது. அழுகின முட்டைக்கோஸ் நாற்றம் என்கிறோமே, அது மெர்காப்டன் என்ற பொருளைக் கலப்பதால் வருவது. 1937-ல் அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில், வாசனையில்லாத கேஸ் யாருக்கும் தெரியாமல் கசிந்து, வெடித்து, ஏறக்குறைய 300 பேர், பெரும்பாலும் குழந்தைகள், இறந்துபோனார்கள். அதன் பிறகுதான் நாற்றத்தைக் கலந்தே தீரவேண்டும் என்று அங்கே சட்டம் வந்தது. கொரோனாவில் மோப்பம் போய்த் திரும்பாதவர்கள் வீட்டில் இருந்தால், அடுப்படியில் அவர்களைத் தனியாக விடாதீர்கள்.

சமையல் கேஸ் காற்றைவிடக் கனம். மேலே போகாது, தரையோடு படிந்து நிற்கும். அதனால் ஜன்னலோடு கதவையும் திறந்து வையுங்கள். ஸ்விட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. அந்தச் சிறு பொறி போதும். ரெகுலேட்டரை மூடி, சிலிண்டருக்கு மூடி போட்டுவிட்டு, வெளியே வந்து 1906-க்குப் போன் செய்யுங்கள். சந்தேகம் இருந்தால் சோப்பு நுரையைத் தடவிப் பாருங்கள், தீக்குச்சியைக் கிழித்துப் பார்க்காதீர்கள். ரப்பர் குழாயை 5 வருஷத்துக்கு ஒரு முறை மாற்றிவிடுங்கள். சிலிண்டர் வாங்கும்போது கழுத்துப் பட்டையில் ஆங்கில எழுத்தும் எண்ணும் இருக்கும். ஏ என்றால் மார்ச், பி என்றால் ஜூன், சி செப்டம்பர், டி டிசம்பர். பி-27 என்று இருந்தால் 2027 ஜூன் வரை அந்தச் சிலிண்டர் செல்லும். தேதி தாண்டியிருந்தால், "வேற கொண்டா தம்பி" என்று கையோடு திருப்பி அனுப்பிவிடுங்கள்.