வீட்டிற்கு ஏற்ற வேட்டை நாய் எது?

தென் மாவட்டச் சங்கங்களுக்குத் தணிக்கையின் பொருட்டுச் செல்லும்போது, கணக்குப் புத்தகங்களை மூடிய பிறகு அங்கத்தினர் சிலர் நம்மிடம் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. "இராஜபாளையம் குட்டி வாங்குவதா, சிப்பிப்பாறை வாங்குவதா?" என்பதே அது. நல்ல விலை கொடுத்து வாங்கிய குட்டி, ஆண்டொன்று கழிவதற்குள் வீட்டாருக்குப் பாரமாகிச் சங்கிலியிலேயே கிடந்து, வருவோர் போவோரைக் கடிக்கத் தொடங்கிய இல்லங்களையும் நாம் கண்டிருக்கிறோம். ஆகையால் இதனைச் சற்று விரிவாக எழுதுவது உசிதமென்று கருதுகிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுவோம். இந்த இனங்களை நம் முன்னோர் வேட்டைக்காக வளர்த்தனர் என்பது மெய்யே. ஆனால் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி முயலையோ காட்டுப்பன்றியையோ நாயை ஏவிப் பிடிப்பது குற்றம். சிறையும் அபராதமும் உண்டு. "இதன் தாய் நாள்தோறும் முயல் பிடிக்கும்" என்று விற்பவர் சொன்னால், அதற்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்க வேண்டியதில்லை. இன்று நம் வீட்டில் அந்த நாய்க்கு உள்ள வேலை காவல் ஒன்றுதான். வேட்டைக்கென்று அதன் உடம்பில் ஊறிய குணமோ சட்டம் வந்ததால் மாறிவிடவில்லை. அந்தக் குணத்திற்கு நம் வீடு இடம் கொடுக்குமா என்பதையே பார்க்க வேண்டும்.

விருதுநகர் மாவட்டத்துச் சிப்பிப்பாறை என்னும் ஊரின் பெயரைத் தாங்கிய நாயை எடுத்துக்கொள்வோம். ஒடுங்கிய வயிறு, ஆழ்ந்த மார்பு, நீண்ட கால்கள், மெல்லிய தோல் ஆகியவை அதன் அடையாளம். விலா எலும்பு தெரிகிறதே என்று இரங்கி, மூன்று வேளையும் சோறு போட்டுக் கொழுக்க வைப்பவர் உண்டு. அது தவறு, அதன் உடற்கட்டே அவ்வாறானது. இது மோப்பத்தைவிடக் கண்ணை நம்பி ஓடும் இனம். கண்ணெதிரே ஒன்று ஓடினால் அடுத்த கணம் அதன் பின்னே பாய்ந்துவிடும். அந்நேரத்தில் எசமானின் குரல் அதன் காதில் ஏறுவதில்லை. ஓடுவது முயலா, அடுத்த வீட்டுக் கோழியா, ஆட்டுக்குட்டியா என்ற வேறுபாட்டைக் குட்டிப் பருவம் முதலே பழக்கினாலன்றி அது அறியாது. கருமை உடலும், கண்ணுக்கு மேலும் கால்களிலும் செம்பழுப்புப் புள்ளிகளும் உடைய கன்னி நாய் இதற்கு மிக நெருங்கியது. இரண்டும் ஓரினமே, நிறந்தான் வேறு என்று சொல்வாரும் உளர். குணத்தைப் பொறுத்தவரை ஒன்றுக்குச் சொன்னது மற்றொன்றுக்கும் பொருந்தும்.

விடியற்காலையில் தெருவில் பாவு விரித்துக் கஞ்சி தோயும் நெசவாளர் வீதியில் இத்தகைய நாயை அவிழ்த்துவிட்டால் என்னவாகும் என்று அங்கத்தினர்க்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை. ஒரு பூனை குறுக்கே ஓடினால் போதும். நூறு வீட்டுப் பாவும் தெருவும் பொதுவாக உள்ள இடத்தில் இது வேண்டாம் என்பதே நம் கருத்து. வேலியிட்ட தோட்டமும், காலை மாலை அதனை ஓடவிட ஆளும் உள்ள விவசாயிக்கு இதனைப்போல் துணை அரிது. நம் வெயிலையும் நன்கு தாங்கும்.

இராஜபாளையம் நாய் உருவத்தில் பெரியது. பால்வெள்ளை நிறமும் இளஞ்சிவப்பு மூக்கும் அதன் பெருமை. 2005ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட நாயினத் தபால் தலைகளில் இதுவும் இடம்பெற்றது. ஆனால் அந்த வெள்ளை நிறத்தோடு ஒரு குறையும் சில குட்டிகளுக்குச் சேர்ந்து வருகிறது. தோலுக்கு நிறமளிக்கும் அதே வகை உயிரணுக்கள் உட்செவியிலும் இருந்தாக வேண்டும். அவை இல்லாதுபோனால், பிறந்த சில வாரங்களிலேயே செவிப்புலன் அழிந்துவிடும். நெருங்கிய உறவுக்குள்ளேயே இனஞ்சேர்த்து வந்தால் இத்தகைய குறைகள் பெருகும். செவிடான காவல் நாயால் பயனில்லை என்பது மட்டுமன்று. தூங்கும்போது பின்னாலிருந்து குழந்தை தொட்டால் திடுக்கிட்டுக் கடித்துவிடக்கூடும்.

ஆகவே குட்டிக்கு ஆறு வாரம் நிறைந்த பின்னரே சோதித்து வாங்குக. அதனைக் கூட்டத்தினின்று பிரித்துத் தனியே விடவேண்டும். இல்லையேல் மற்றக் குட்டிகள் திரும்புவதைக் கண்டு இதுவும் திரும்பும். அது வேறு பக்கம் பார்த்திருக்கையில், பின்னாலிருந்து சாவிக்கொத்தைக் குலுக்கிப் பாருங்கள். தரையில் தட்டலாகாது, அதிர்வைக் காலால் உணர்ந்துவிடும். முகத்தில் காற்றுப்படும்படி கைதட்டுவதும் கூடாது. இருமுறை மும்முறை செய்தும் காது அசையவில்லையெனில் அந்தக் குட்டியை விட்டுவிடுங்கள். ஒரு காது மட்டும் கேளாததை இச்சோதனையால் அறிய இயலாது.

செவி நன்றாயிருந்தால் தனித்த தோட்ட வீட்டிற்கு இராஜபாளையம் சிறந்த காவல். எனினும் அது வீட்டாரிடம் காட்டும் அன்பை அயலாரிடம் காட்டாது. நூல் வாங்கவும் துணி கொடுக்கவும் நாளெல்லாம் ஆள் வந்துபோகும் தறிவீட்டில் அதனைக் கட்டியே வைக்க நேரும். கட்டக் கட்ட மூர்க்கம் வளரும்.

தேனி மாவட்டத்துக் கோம்பை நாய் உயரத்தில் இவற்றினும் குறைந்தது; செம்பழுப்பு உடலும் கறுத்த முகமும் திண்ணிய தாடையும் கொண்டது. கொட்டிலுக்கும் களத்திற்கும் நல்ல காவலாகும். பிடித்த பிடியை எளிதில் விடாது என்பதால் சிறு குழந்தைகள் உள்ள வீட்டினர் தயங்குவது நியாயமே.

அப்படியானால் தெருவோடு ஒட்டிய நெசவாளர் குடும்பத்திற்கு எது என்று கேட்பீர்கள். இந்நான்கில் எதுவும் வேண்டாம் என்போம். வாசலில் வளரும் நாட்டுக்குட்டி ஒன்றை எடுத்து, உரிய காலத்தில் ஊசி போட்டு வளர்த்தால் இரவில் குரைப்பதற்கு அது போதும். பெயருக்காக ஜாதி நாய் வளர்ப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

நாய்க்குட்டி வாங்கச் சங்கத்தில் கடன் உண்டா என்றும் சிலர் கேட்கின்றனர். பயிருக்கென்று பெற்ற கடனை இதற்குத் திருப்புவது முறையன்று. தணிக்கையில் நாம் அதனை எழுதவே செய்வோம். குட்டியின் விலை ஒரு நாள் செலவு. பத்து ஆண்டுக்குக் குறையாத தீனிச் செலவு அதன்பின் வருவது. மூன்று மாத வயதில் வெறிநோய்த் தடுப்பூசியும், பின்னர் கால்நடை மருத்துவர் குறிக்கும் நாட்களில் மறுஊசியும் தவறாமல் போட வேண்டும். விலை பேசி முடிக்குமுன் குட்டியை அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் ஒருமுறை காட்டிவிடுங்கள். தாய் நாயையும் கண்ணால் பாருங்கள். அதனைக் காட்ட மறுக்கும் இடத்தில் முன்பணம் கொடுக்க வேண்டாம்.