சின்னஞ்சிறார் கையில் எந்தச் செயலி?

பினாங்கு, ஜார்ஜ் டவுனில் உள்ள கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலை அவ்வளவு நீளமானதன்று. முன்னர் பிட் சாலை என்று அழைக்கப்பட்ட அச்சாலையின் ஒரு முனைக்கருகில், 1818இல் கட்டி முடிக்கப்பட்ட செயின்ட் ஜார்ஜ் தேவாலயம் இருக்கிறது. சற்றுத் தள்ளி, ஊதுவத்திப் புகை ஓயாத குவான் யின் கோயில். அதைக் கடந்தால், குயின் சாலையை நோக்கி வாசல் வைத்த மகா மாரியம்மன் கோயிலின் பின்புறம். மேலும் நடந்தால், 1801இல் இந்திய முஸ்லிம்கள் தோற்றுவித்த பள்ளிவாசல். சாலைக்குப் பெயர் தந்தது அதுதான். நான்கு வழிபாட்டுத் தலங்களும் இவ்வளவு நெருக்கமாக இருப்பதால், 'நல்லிணக்கச் சாலை' என்றும் அதனைக் குறிப்பிடுவர்.

நான்கு வயதுக் குழந்தை ஒன்று அச்சாலையில் நடந்து சென்றால் அதன் காதில் மலாய், தமிழ், ஹொக்கியன், ஆங்கிலம் ஆகியவை மாறி மாறி விழும். கோயில் மணியும் பாங்கு ஒலியும் கேட்கும். பள்ளிவாசலின் குவிமாடத்தில் அரைவட்டம் தெரியும். நாணய மாற்றுக் கடையின் பலகையில் எண்கள் வரிசையாக நிற்கும். பூக்கடையில் மஞ்சள் செவ்வந்தி குவிந்து கிடக்கும்.

அதே சாலையில் தள்ளுவண்டியில் அமர்ந்து செல்லும் இன்னொரு குழந்தையின் கண்கள் திறன்பேசித் திரையில் இருக்கலாம். திரையில் ஒரு மஞ்சள் வட்டம் குதிக்கிறது. "மஞ்சள்!" என்கிறது ஒரு குரல். குழந்தை அதனைத் தொட்டதும் கைத்தட்டல் ஒலி எழுகிறது. இரண்டடி தள்ளி இருக்கும் செவ்வந்தியை அது பார்க்கவில்லை.

இதற்காகப் பெற்றோரைக் குறை கூறுவது நியாயமாகாது. வேலை முடிந்து வந்து சமைக்க வேண்டிய தாய்க்கும், கடையைக் கவனித்துக்கொண்டே பேரனைப் பார்த்துக்கொள்ளும் தாத்தாவுக்கும் அரை மணி நேர அமைதி பெரிய உதவி. மேலும், சிறார் செயலிகள் எல்லாமே வீண் என்று சொல்லிவிடவும் முடியாது. நன்கு வடிவமைக்கப்பட்ட செயலி, எழுத்தையும் எண்ணையும் அறிய ஓரளவு துணை செய்யும். ஆகவே, எதைத் தேர்ந்தெடுப்பது என்பதே கேள்வி. பல வீடுகளில் இக்கேள்விக்கு விடை காண்பவர்கள் பெற்றோர்கூட அல்லர். இடைநிலைப்பள்ளியில் பயிலும் அண்ணனோ அக்காவோதான் தம்பி தங்கைக்குச் செயலியைத் தேடிப் பதிவிறக்கம் செய்து தருகின்றனர்.

தேடத் தொடங்கியதும் முதலில் கண்ணில் படுவது 'கல்வி' என்னும் பிரிவு. அப்பிரிவில் இருப்பதாலேயே ஒரு செயலி கற்பிக்கும் என்று பலரும் நம்பிவிடுகின்றனர். உண்மையில், செயலியை எந்தப் பிரிவில் வைப்பது என்பதை அதை உருவாக்கியவரே தேர்ந்தெடுத்துக் குறிப்பிடுகிறார். அருகில் காணப்படும் வயதுக் குறியீடும் அத்தகையதே. '4+' என்று இருந்தால், அச்செயலியில் வன்முறை, தகாத காட்சி போன்றவை இல்லை என்றுதான் பொருள். நான்கு வயதுக் குழந்தைக்கு அது எதையாவது கற்றுத் தரும் என்ற உறுதிமொழி அதில் இல்லை. நட்சத்திரங்களும் அவ்வாறே, குழந்தை அழாமல் இருந்ததற்காக ஐந்து நட்சத்திரம் கொடுத்தவர்களும் அதில் இருப்பார்கள்.

2015இல், கேத்தி ஹிர்ஷ் பாசெக் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய குழுவினரும் இச்சிக்கலை ஆராய்ந்து விரிவான கட்டுரை ஒன்றை வெளியிட்டனர். அப்போதே ஆப்பிள் நிறுவனத்தின் செயலிக் கடையில் கல்வி சார்ந்தவை எனக் குறிக்கப்பட்ட செயலிகள் 80,000க்கும் மேல் இருந்தன. குழந்தைகள் எப்படிக் கற்கின்றனர் என்பது பற்றிய பல்லாண்டு ஆய்வுகளைத் தொகுத்து, அவர்கள் நான்கு இயல்புகளை முன்வைத்தனர். குழந்தையின் மூளை உழைக்க வேண்டும். கவனம் சிதறக் கூடாது. கற்பது அதன் வாழ்க்கையோடு பொருந்த வேண்டும். பிறரோடு உறவாட இடம் இருக்க வேண்டும். 2021இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, புகழ்பெற்ற சிறார் கல்விச் செயலிகளை இதே அளவுகோலால் மதிப்பிட்டது. பாதிக்கும் மேற்பட்டவை குறைந்த மதிப்பெண்ணே பெற்றன.

இவற்றுள் முதலாவதில்தான் பலர் ஏமாந்துவிடுகின்றனர். விரல் வேகமாக இயங்குவதைக் கண்டு மூளையும் இயங்குகிறது என்று எண்ணிவிடுகின்றனர். திரையில் எங்கே தொட்டாலும் பலூன் வெடித்து "அருமை!" என்று பாராட்டும் செயலியில், குழந்தை தொடுவதற்கு மட்டுமே பழகுகிறது. 'ப' என்னும் எழுத்தில் தொடங்கும் படங்களைக் கூடையில் போடச் சொல்லும் செயலி வேறு வகை. பந்து, பல், கிளி ஆகிய மூன்றையும் பார்த்து, ஒவ்வொன்றின் பெயரையும் மனத்துக்குள் சொல்லிப் பார்த்து, கிளியைத் தள்ளி வைக்க வேண்டும். தவறாகப் போட்டால் என்ன நடக்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். தவறு செய்யும்போது வரும் வேடிக்கை ஒலி, சரியாகச் செய்யும்போது வருவதைவிடச் சுவையாக இருந்தால், குழந்தை வேண்டுமென்றே தவறு செய்து மகிழும்!

கவனச் சிதறலுக்கு முக்கியக் காரணம் விளம்பரம். ஐந்து வயதும் அதற்குக் குறைந்த வயதும் உடைய குழந்தைகளுக்கான 135 செயலிகளை அமெரிக்க ஆய்வாளர்கள் சோதித்தபோது, அவற்றுள் 95 விழுக்காட்டில் ஏதேனும் ஒரு வகை விளம்பரம் இருந்தது. சிலவற்றில், கூடுதல் விளையாட்டை வாங்காவிட்டால் கதைமாந்தரே அழும்! கதைமாந்தரை நண்பராகவே கருதும் வயதில் இது கொடுமையான உத்தி. பணமும் போகும். பெற்றோர் அறியாமல் குழந்தைகள் செயலிக்குள் பொருள் வாங்கிய வழக்கில், 2014இல் ஆப்பிள் நிறுவனம் குறைந்தது 3 கோடியே 25 இலட்சம் அமெரிக்க டாலரைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டது. இலவசச் செயலி எல்லாமே இப்படித்தான் என்று கருதவும் வேண்டாம். 2018இல் வெளிவந்த 'கான் அகாடமி கிட்ஸ்', இலாப நோக்கமற்ற நிறுவனம் ஒன்றின் செயலி. அது நன்கொடையால் இயங்குவதால் விளம்பரம் இன்றி இலவசமாகவே கிடைக்கிறது. 'இதற்கான செலவை யார் ஏற்கிறார்?' என்று கேட்டுப் பார்த்தாலே பாதி உண்மை புலப்பட்டுவிடும்.

மூன்றாவது இயல்பைப் புரிந்துகொள்ள மீண்டும் கப்பித்தான் கெலிங் சாலைக்கு வரலாம். செயலி ஒன்று, பனியில் சறுக்கும் கரடிகளைக் காட்டி எண்ணக் கற்றுத் தருகிறது. குழந்தை பத்துவரை ஒப்பிக்கிறது. பூக்கடையில், "அம்மாவுக்கு மூன்று முழம் மல்லிகை வேண்டும், எண்ணிச் சொல்" என்று கேட்டால் விழிக்கிறது. 'ஒன்று, இரண்டு, மூன்று' என்பது அதற்கு ஒரு பாட்டாக இருக்கிறதே தவிர, அளவாக ஆகவில்லை. இடியாப்பம், ரம்புத்தான், கோயில், பேருந்து என்று குழந்தை அன்றாடம் காணும் பொருள்கள் செயலியில் இருந்தால், திரையில் கற்றதை வெளியில் அடையாளம் காண்பது எளிதாகும். கரடியை அடியோடு விலக்க வேண்டியதில்லை. ஆனால், கரடி மட்டுமே இருந்தால் போதாது.

நான்காவதாகிய உறவாடலின் ஆற்றலை 2003இல் நடந்த ஓர் ஆய்வு தெளிவாகக் காட்டியது. பெட்ரிசியா கூல் என்ற ஆய்வாளரின் குழு, ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுக்கு மாண்டரின் மொழியைக் கேட்கச் செய்தது. ஒரு பிரிவினரோடு மாண்டரின் பேசுவோர் நேரில் அமர்ந்து கதை சொல்லி, பொம்மை காட்டி விளையாடினர். இன்னொரு பிரிவினர் அதே மனிதர்களின் அதே பேச்சைக் காணொலியில் பார்த்தனர். பன்னிரண்டு அமர்வுகளுக்குப் பிறகு சோதித்தபோது, நேரில் கேட்ட குழந்தைகள் அம்மொழியின் ஒலி வேறுபாட்டை உணர்ந்தனர். காணொலி பார்த்தவர்களிடம் அத்தகைய கற்றல் தென்படவில்லை.

திரை என்பதே தடை என்றும் இதற்குப் பொருளன்று. இரண்டு வயதைக் கடந்த குழந்தைகளைக் கொண்டு 2014இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில், காணொலி அழைப்பில் பேசியவரிடமிருந்து அவர்கள் புதிய சொற்களைக் கற்றனர். பதிவு செய்த காணொலியிலிருந்து கற்கவில்லை. அழைப்பில் பேசுபவர் குழந்தையின் பேச்சைக் கேட்டு மறுமொழி சொல்கிறார் என்பதே வேறுபாடு. ஈப்போவில் இருக்கும் பாட்டியோடு பத்து நிமிடம் காணொலியில் பேசுவது, பல 'கல்வி'ச் செயலிகளை விடச் சிறந்த கல்வியாகலாம்.

தமிழ்க் குழந்தைகளுக்கான செயலி என்றால் இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டும். ஆங்கிலச் செயலிகளைப் போலத் தமிழில் அவ்வளவு தேர்வு இல்லை. கிடைத்ததை எடுத்துக்கொள்ளும் மனப்போக்கு இதனால் வந்துவிடுகிறது. முதலில் காதால் சோதிக்க வேண்டும். பழம், பள்ளி, பல் ஆகிய மூன்றிலும் ழ, ள, ல ஒலிகள் தனித்தனியே கேட்கின்றனவா? இயந்திரக் குரல் மூன்றையும் ஒன்றாக்கிவிட்டால், குழந்தை அதைத்தான் பிடித்துக்கொள்ளும். தவறாகப் படிந்த ஒலியைப் பிற்பாடு திருத்துவது, புதிதாகக் கற்பிப்பதைவிடக் கடினம். அடுத்து, 'அ - அம்மா, ஆ - ஆடு' என்று ஒப்பிப்பதோடு செயலி நின்றுவிடுகிறதா, அல்லது 'படம்', 'பாடம்' என்று எழுத்து மாறினால் பொருள் மாறுவதைக் காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். 247 எழுத்துகளையும் வரிசையாகக் காட்டும் செயலியைவிட, பத்து எழுத்துகளைக் கொண்டு இருபது சொற்களைப் படிக்க வைக்கும் செயலி மேலானது.

எழுத்தின் மேல் விரலால் வரையச் செய்யும் பகுதியும் சோதனைக்கு உரியது. 'அ'வை எங்கிருந்து தொடங்கினாலும் செயலி ஏற்றுக்கொண்டு பாராட்டினால், அது எழுத்துப் பயிற்சி ஆகாது. முற்காலத் திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகினர். அங்கே எழுத்தைத் தொடங்கும் இடம் தவறினால் ஆசிரியர் விரலைப் பிடித்துத் திருத்தினார். செயிண்ட் ஜார்ஜ் தேவாலயத்தோடு தொடர்புடைய பாதிரியார் ஹட்சிங்ஸ் 1816இல் பினாங்கு இலவசப் பள்ளியைத் தொடங்கினார். அங்கு நடந்த தமிழ் வகுப்பே இந்நாட்டுத் தமிழ்க்கல்வியின் தொடக்கமாகக் கருதப்படுகிறது. 2016இல் அதன் இருநூறாம் ஆண்டு கொண்டாடப்பட்டது. மணல், கற்பலகை, நோட்டுப் புத்தகம் என்று கருவிகள் மாறி வந்தாலும், அவற்றின் அருகில் ஒருவர் அமர்ந்திருந்தார். கண்ணாடித் திரைக்கு மட்டும் யாரும் அருகில் வேண்டாம் என்று எண்ணுவது விந்தையே.

ஆதலால், புதிய செயலியைக் குழந்தையிடம் தருவதற்கு முன் பெரியவர் ஒருவர் கால் மணி நேரமாவது விளையாடிப் பார்ப்பது நல்லது. இணையத்தைத் துண்டித்துவிட்டும் அது இயங்குகிறதா என்று பார்க்கலாம். அவ்வாறு இயங்கினால் விளம்பரத் தொல்லை பெரும்பாலும் குறையும். எழுத்து வரையும் செயலி, தொலைபேசியில் உள்ள தொடர்பு எண்களையும் இருப்பிடத்தையும் கேட்டால் நிறுவாமல் விட்டுவிட வேண்டும். பணம் செலுத்தும் வசதிக்குக் கடவுச்சொல் இடுவது கட்டாயம். ஒரு பாடம் முடிந்ததும் செயலி நிற்கிறதா, தானாகவே அடுத்ததற்குத் தாவுகிறதா என்பதும் முக்கியம். முடிவே இல்லாத செயலியிடமிருந்து குழந்தையைப் பிரிக்கும்போதுதான் வீட்டில் அழுகை எழுகிறது.

நேரத்தைப் பொறுத்தவரை, உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது. இரண்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்குத் திரை பரிந்துரைக்கப்படவில்லை. இரண்டு முதல் நான்கு வயதுவரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேற்படக் கூடாது. அதனினும் குறைவாக இருப்பது இன்னும் நன்று.

ஒரு வாரம் பயன்படுத்திய பின், திரையை அணைத்துவிட்டு ஒரு சிறு சோதனை செய்யலாம். குழந்தையை அருகிலுள்ள கடைத்தெருவுக்கு அழைத்துச் சென்று, கற்ற எழுத்தைப் பெயர்ப்பலகையில் தேடச் சொல்ல வேண்டும். ஜார்ஜ் டவுனின் பழைய பகுதியில் மலாய்ப் பெயரோடு தமிழ்ப் பெயரும் எழுதப்பட்ட சாலைப் பலகைகள் சில இருக்கின்றன. தமிழ்க் கடைகளின் பலகைகளுக்கோ பஞ்சமில்லை. "அதோ, 'க'!" என்று குழந்தை விரல் நீட்டினால் அச்செயலி இன்னும் சில நாள் திறன்பேசியில் இருக்கலாம்.