ஷின் ஸ்ப்ளின்ட்ஸ்: ஓட்டத்தையே மருந்தாக அளந்து கொடுப்பது

ஓட ஆரம்பித்து ஐந்தாறு வாரம் ஆகியிருக்கும். கீழ்க்கால் எலும்பின் உள்பக்க ஓரமாக ஒரு வலி. முதல் சில நிமிஷம் வலிக்கும், உடம்பு சூடானதும் அடங்கும், நிறுத்தினதும் திரும்ப வரும். ரெண்டு வாரம் சும்மா இருந்தால் சுத்தமாகக் காணாமல் போயிடும். 'சரியாயிடுச்சு' என்று பழைய தூரத்தையே ஓடினால், மூன்றாம் நாள் அதே இடத்தில் அதே வலி. பொழுதுபோக்காக ஓடுகிற பலர் இந்தச் சுற்றிலேயே மாட்டிக்கொள்கிறார்கள்.

கெண்டைக்கால் தசைகள் எலும்பைப் போர்த்திய சவ்வை இழுப்பதால் வலி என்பது பழைய விளக்கம். அது முழுத் தப்பு இல்லை. ஆனால் ஸ்வீடன் ஆய்வாளர்கள் அளந்து பார்த்தபோது, வலி இருந்த இடத்தில் எலும்பின் அடர்த்தியே குறைந்திருந்தது. வலி தீர்ந்தபின் மறுபடி அளந்தார்கள், அடர்த்தி திரும்பியிருந்தது. ஆக, தசையோடு எலும்பும் இதில் சம்பந்தப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு அடிக்கும் அந்த எலும்பு லேசாக வளைகிறது. சுமை கூடினால் உடம்பு முதலில் பழைய எலும்பை அரித்து எடுத்துவிட்டு, பிறகுதான் புதிதாகக் கட்டும். சுவரை இடித்துக் கட்டுகிற மாதிரிதான்: இடிப்பது சட்டுனு முடிஞ்சிடும், கட்டி முடிக்க மாதக்கணக்கில் ஆகும். அந்த இடைவெளியில் பழைய தூரத்தை ஏற்றினால் மறுபடி வலிதான். வெறும் ஓய்வு வலியை நிறுத்தும்; எலும்பை ஓட்டத்துக்குப் பழக்காது.

2012-ல் வெளியான ஒரு நெதர்லாந்துச் சோதனையை இந்த விஷயத்தில் தாண்டிப் போக முடியாது. 74 விளையாட்டு வீரர்கள், மூன்று குழு. ஒரு குழுவுக்குப் படிப்படியாக ஏறும் ஓட்டத் திட்டம் மட்டும். இன்னொன்றுக்கு அதோடு கெண்டைக்கால் நீட்டல், வலுவூட்டல். மூன்றாவதுக்கு அதோடு இறுக்கமான காலுறை. நல்ல வேகத்தில் 18 நிமிஷம் ஓடுவது இலக்கு. மூன்று குழுக்களுக்குமே சராசரியாக 100 நாளுக்கு மேல் ஆனது. சொல்லும்படியான வித்தியாசம் இல்லை.

படித்தபோது எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். கேட்கிற எல்லாரிடமும் குதிகால் தூக்கும் பயிற்சியைச் சொல்லிக்கொண்டிருந்தவன் நான். இப்பவும் சொல்கிறேன், ஆனால் சுதியைக் குறைத்து. குழுவுக்குச் சுமார் 25 பேரே இருந்த சோதனையில் சின்னப் பலன் கண்ணில் படாமல் போகலாம். தவிர, ஓடும்போது சோலியஸ் தசை உடல் எடையைப் போலப் பல மடங்கு விசையைத் தாங்குகிறது. அது களைத்தால் எலும்பின் பாடு கூடும். இது என் ஊகம், நிரூபணம் இல்லை. முழங்காலை லேசாக மடக்கிக்கொண்டு குதிகாலைத் தூக்கினால் சோலியஸுக்கு வேலை அதிகம். முதலில் இரண்டு காலிலும், பிறகு ஒற்றைக் காலில், அப்புறம் புத்தகம் நிரப்பிய பையை மாட்டிக்கொண்டு. ஒருநாள் விட்டு ஒருநாள் போதும்.

முக்கியமான பயிற்சி ஓட்டம்தான். அரை மணி வேகநடை வலியில்லாமல் வந்தபின் தொடங்கலாம்: ஒரு நிமிஷம் மெல்லோட்டம், இரண்டு நிமிஷம் நடை, எட்டுப் பத்து சுற்று. இதுவும் ஒருநாள் விட்டு ஒருநாள். முதலில் ஓடும் நேரத்தைக் கூட்டுங்கள், வேகத்தைக் கடைசியில். அடியைக் குட்டையாக்கி, நிமிஷத்துக்கான எண்ணிக்கையை 5 முதல் 10 சதவீதம் கூட்டினால் காலில் விழும் சுமை குறையும். பத்துக்கு இரண்டு மூன்று அளவு வலியைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பது என் கணக்கு. மறுநாள் காலையிலும் அது இருந்தால், ஒரு படி இறங்கிடுங்க.

இதெல்லாம் வலி ஓரமாக ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் பரவியிருக்கிறவர்களுக்கு. ஒரே புள்ளியில் விரல் வைத்தால் சுளீர் என்கிறதா, ராத்திரி படுத்திருக்கும்போதும் வலிக்கிறதா, ஒற்றைக் காலில் குதிக்க முடியலையா? எலும்பில் கீறல் விழுந்திருக்கலாம். பயிற்சியை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். மாதவிடாய் தள்ளிப்போகிற பெண்கள் அதையும் அவரிடம் சொல்ல வேண்டும். சாப்பாடு பற்றாமல் எலும்பு பலவீனமாவதன் அடையாளமாக அது இருக்கலாம். எக்ஸ்ரே சரியாக இருக்கிறது என்று நிம்மதியாகிவிட வேண்டாம். முதல் சில வாரங்களில் இந்தக் கீறல் பெரும்பாலும் அதில் தெரியாது, எம்ஆர்ஐ-யில்தான் தெரியும்.