புகைக்கரி: மூச்சுக்கும் மழைக்கும் என்ன செய்கிறது?

விறகு, நிலக்கரி, டீசல், குப்பை ஆகியவை முழுமையாக எரியாதபோது புகைக்கரி உண்டாகிறது. அடுப்படிச் சுவரில் படிவது கண்ணுக்குத் தெரியும். காற்றில் மிதக்கும் கரித்துகளோ தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்கிலும் சிறியது. நுரையீரலின் காற்றுச் சிற்றறைகள் வரை அது செல்லும். ஆஸ்துமா, நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர்களுக்கு மூச்சுத்திணறலை மிகுவிக்கும். மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றின் வாய்ப்பையும் உயர்த்தும்.

அதே கரி பருவநிலையையும் மாற்றுகிறது. வெயிலில் தார்ச்சாலை சுடுவதுபோல, கறுப்புத் துகள்கள் வெயிலை உறிஞ்சிச் சுற்றியுள்ள காற்றைச் சூடாக்குகின்றன. தரைக்கும் கடலுக்கும் வந்து சேரும் ஒளி குறைகிறது. இதனால் கடல்நீர் ஆவியாவதும் பருவமழையின் போக்கும் பாதிக்கப்படுகின்றன. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்ற அறிவியலாளர் வீ. இராமநாதன் உள்ளிட்டோர் 1999-இல் இந்தியப் பெருங்கடலின் மேல் நடத்திய ஆய்வில், பரந்த பழுப்பு நிறப் புகைமூட்டம் கண்டறியப்பட்டது. இமயமலைப் பனியில் படியும் கரி, பனி உருகுவதை விரைவுபடுத்துகிறது.

ஆறுதலான செய்தி ஒன்று உண்டு. கரியமில வாயு வளிமண்டலத்தில் பல நூற்றாண்டுகள் தங்கும். புகைக்கரி சில நாள்கள் முதல் ஓரிரு வாரங்களே தங்கும். எரிப்பதை நிறுத்தினால் காற்று விரைவில் தெளியும்.

பெரியநாயக்கன்பாளையத்தை அடுத்த தடாகம் பள்ளத்தாக்கில், உரிய அனுமதியின்றி இயங்கிய செங்கல் சூளைகள் 2021-இல் மூடப்பட்டன. ஆயினும் மேட்டுப்பாளையம் சாலையின் டீசல் புகையும், குப்பை எரிப்பும், வீட்டுப் புகையும் உள்ளன. “வீட்டில் விறகு எரிக்கிறீர்களா?” என்று மருத்துவர் கேட்டால், பலரும் சமையலறையை மட்டுமே நினைத்து இல்லை என்பார்கள். எரிவாயு இணைப்பு வந்த பின்னரும், குளிக்க வெந்நீர் காய்ச்சத் தென்னை மட்டை எரிக்கும் வீடுகள் கொங்குப் பகுதியில் உள்ளன. அந்த அடுப்பையும் மருத்துவரிடம் தவறாமல் கூறுங்கள். நோயாளி படுக்கும் அறைக்குப் புகை வராத இடத்துக்கு அதை மாற்றுங்கள். இயன்றால் சூரிய வெந்நீர்க் கலனுக்கு மாறுங்கள்.

குளிர்கால விடியலில் குளிர்ந்த காற்று தரையோடு தேங்குவதால் புகை மேலெழும்பாது. நுரையீரல், இதய நோயாளிகள் வெயில் ஏறிய பின் நடைப்பயிற்சிக்குச் செல்வது நல்லது. துணி முகக்கவசம் இத்துகளைப் போதிய அளவு தடுக்காது. என்-95 முகக்கவசம் முகத்தோடு பொருந்தியிருந்தால் தடுக்கும். உறிஞ்சு மருந்தைத் தாமாக நிறுத்தக்கூடாது. ஒரு வாக்கியத்தைக்கூட முழுதாகப் பேச இயலாத மூச்சுத்திணறலோ, உதடுகளில் நீலநிறமோ தெரிந்தால் உடனே 108-ஐ அழைக்கவும்.